கிணற்றடியில் ஐந்து தலைகள்

தேரடித் தெருவில் எங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது லாட்ஜ். போன பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்தபோது அங்கேதான் தங்கினேன். பக்கத்து அறையிலிருந்து கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய் வாசனை வந்ததுமே மனசால் எங்கள் பழைய கிணற்றடிப் படிக்கட்டுக்குப் போய்விட்டேன்.

பள்ளிக்கூட நாட்களில் மேல்படியில் அம்மா, அம்மா கையில் பெரியக்கா தலை, பெரியக்கா கையில் அடுத்தவள் தலை, இப்படியே இறங்கி, கடைசிப் படியில் மலையைப் பார்த்தபடி ஐந்தாவதாக நான். எனக்கு முன்னால் தலை இல்லாததால் கிணற்றுக் கயிற்றின் நுனியைப் பின்னிக்கொண்டிருப்பேன். அம்மா பெரியக்காவைத் திட்டினால், அந்தக் கோபம் தலை தலையாக இறங்கி, எனக்குப் பின்னால் இருக்கும் சரசு அக்காவின் கை வழியாக என் மண்டைக்குத்தான் வந்து சேரும். "ஆடாம உக்காருடி" என்று ஒரு குட்டு வேறு. ஒருநாளாவது அம்மா கையால் பின்னிக்கொள்ள மாட்டோமா என்று ஏங்குவேன்.

அக்காக்கள் ஒவ்வொருவராகக் கல்யாணமாகிப் போகப் போக, அம்மா ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். சரசு அக்கா புருஷன் வீட்டுக்கு பஸ் ஏறிய மறுநாள் காலை, அம்மாவின் கை என் தலைக்கு வந்தது. கொஞ்சமும் வலிக்கவில்லை.

"சரசு அக்கா மாதிரி இழுத்துப் பின்னும்மா" என்றேன்.

"அவள மாதிரி எனக்கு வராதுடி" என்றாள் அம்மா.