சாய்தளத்தில் உட்கார்ந்த தெல்லிஸ்

ஒரு மண்காலை எடுத்துச் சுண்டி, காதருகே வைத்துக் கேட்கிறான் தெல்லிஸ். ‘ணங்’கென்றால் நன்றாக வெந்த கால், கடைக்கு வரும். சத்தம் மந்தமாக இருந்தால் மறுபடி சூளைக்குப் போகும்.

கிரேக்க நாட்டு எபிதாரோஸில் மருத்துவக் கடவுளின் கோயில் வாசலில் அவன் கடை. மண்ணால் செய்த கால், கை, காது, மூக்கு. நோய் தீர்ந்தவர்கள் வாங்கிக் கடவுளுக்குக் காணிக்கை வைப்பார்கள். அவனுடைய சொந்தக் கால்கள் பிறவியிலேயே சூம்பியவை. கக்கத்தில் இரண்டு கட்டைகளை ஊன்றித்தான் நடை.

“கால் விக்கிறவனுக்கே கால் இல்லையே!” என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள்.

“உங்களுக்கு ரெண்டே ரெண்டுதாண்ணே. என்கிட்ட கூடை கூடையா இருக்கு!”

இதைக் கேட்டுச் சிரித்தே ஒரு கொரிந்துக்காரனின் முடக்குவாதம் விட்டுப்போனது. கடவுளுக்குக் கொண்டுவந்த சேவலை அவன் தெல்லிஸிடமே கொடுத்துவிட்டு ஓடினான்; நடந்தல்ல, ஓடினான்.

எங்கள் கடவுளின் கோயிலுக்குச் சாய்தளம் உண்டு. நடக்க முடியாதவர்கள் தேடி வரும் இடமல்லவா? விடியற்காலையில் தெல்லிஸ் அதில் ஏறும் மிடுக்கைப் பார்க்க வேண்டும். வம்பு, பக்கத்தில் ஆர்டெமிஸ் தேவிக்குப் புதுக்கோயில் கட்டியபோது வந்தது. தேவியின் பாதத்துக்கு அளவெடுத்ததுபோல் ஒவ்வொரு படியும் முழங்கால் உயரம். கல்யாணத்துக்கு முன் பெண் தன் பொம்மைகளை அந்தத் தேவியின் காலடியில் வைக்க வேண்டும். தகப்பன் பக்கத்தில் நிற்க வேண்டும். தெல்லிஸின் ஒரே மகள் ஃபிலின்னாவுக்கு வரும் பௌர்ணமியில் கல்யாணம்.

“ரெண்டு பேர் உன்னைத் தூக்கிட்டுப் போயிருவாங்கப்பா,” என்றார் கட்டட மேற்பார்வையாளர் திமாந்தெஸ்.

“பலி ஆட்டைத்தான்யா தூக்கிட்டுப் போவாங்க. நான் பொண்ணோட அப்பன்.”

சிலையை உள்ளே கொண்டுபோகப் படிகளின் மேல் மண்ணும் சல்லியும் கொட்டிச் சரிவு போட்டிருந்தார்கள். சிலை உள்ளே போன மறுநாள், மண்ணை அள்ள மண்வெட்டியோடு வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். சரிவின் நடுவில் தெல்லிஸ். கையில் கம்பளி நூல் சுற்றிய ஒலிவக் கிளை. அந்தக் கிளையோடு சந்நிதியில் உட்கார்ந்தவன் அடைக்கலம் புகுந்தவன். கையைப் பிடித்து இழுத்தால் பழி ஊர் முழுவதற்கும்.

“எந்திரிடா! வேலை கெடுது!” என்று கத்தினார் திமாந்தெஸ்.

“தொட்டுத்தான் பாருங்களேன்.”

“என்னதாண்டா வேணும் உனக்கு?”

“இந்த மண்ண அள்ளக்கூடாது. மேல கல்லு பாவணும்.”

“அவ வேட்டைக்காரிடா! மான் மாதிரி ஓடுறவ. அவ கோயிலுக்கு எதுக்குடா சாய்தளம்?”

“ஓடுவாய்யா, யாரு இல்லேன்னா? ஆனா நேத்து இடுப்புல கயித்தக் கட்டி, உருளைக்கட்டை மேல வெச்சு, இதே வழியாத்தான அவளை இழுத்துட்டுப் போனீங்க? அவ படியேறின அழகத்தான் ஊரே பாத்துச்சே!”

கொத்தர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கழுகு ஒன்று தெல்லிஸின் தலையில் இறங்கிச் சாட்சி சொன்னதாக இப்போது கதை கட்டுகிறார்கள். சுத்தப் பொய். வந்தது காக்கை, அதுவும் அவன் மடியிலிருந்த அத்திப்பழத்துக்காக.

“அப்பா, மாப்பிள்ளை வீட்டுல எல்லாரும் சிரிக்கிறாங்கப்பா,” என்று ரொட்டியோடு வந்து சிணுங்கினாள் ஃபிலின்னா.

“சிரிக்கிற வீடாடி? அப்ப நல்ல சம்பந்தம்தான்.”

திருவிழாக் கூட்டம் வரத் தொடங்கியது. வாசலை மறித்து ஒருவன் உட்கார்ந்திருக்கத் தேவிக்கு எப்படி விழா எடுப்பது? திமாந்தெஸ் பல்லைக் கடித்துக்கொண்டு கல் கொண்டுவரச் சொன்னார். அவனைச் சுற்றிலும் கல் பாவிக்கொண்டே வந்து, அவன் உட்கார்ந்திருந்த இடத்தைக் கடைசியாக மூடினார்கள்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் ஃபிலின்னா பொம்மைகளை முந்தானையில் கட்டிக்கொண்டு ஏறினாள். பக்கத்தில் தெல்லிஸ், எவர் கையும் படாமல். அவள் வாசலைத் தாண்டி உள்ளே காலெடுத்து வைத்தாள். இவன் சட்டென்று திரும்பி இறங்கத் தொடங்கினான்.

“எங்கப்பா போற? தேவி காத்துக்கிட்டிருக்கா!”

“காத்திருக்கட்டும்டி. இன்னொரு வாட்டி ஏறிட்டு வரேன்!” அடிவரை இறங்கினான், முகத்தைத் துடைத்துக்கொண்டான், மேலே பார்த்தான். மறுபடி முதற்கல்லில் கட்டையை ஊன்றினான்.