மறுபுறம் சுழன்ற சங்கு

போர் தொடங்கிய ஆண்டில், விழுப்புரம் சந்திப்பில் சென்னை வண்டிக்குக் காத்திருந்த கல்லூரி ஆசிரியர் ஒருவரைக் கண்டேன். எதைப் பேசினாலும் தம் கைலென்சைத் துடைத்துக்கொண்டே பேசுவார். அவரது தீப்பெட்டியில் கடுகினும் சிறிய சுருள் சங்குகள் இருந்தன. நத்தைகளின் ஆதி முன்னோர் விட்டுச்சென்று கல்லாகிப்போன ஓடுகள். நுண்ணோக்கியில் முகம்பார்க்கும் கண்ணாடி பொருத்தி, அதில் விழும் பிம்பத்தைப் பார்த்து அவர் வரைந்த நாற்பது படங்களை அன்றே சென்னை அச்சகத்தில் சேர்க்க வேண்டும். தவறினால் அவ்வாண்டு ஆய்விதழில் இடமில்லை.

சங்கையும் படத்தையும் சேர்த்து எனக்குக் காட்டும்போதுதான் அவரே கண்டார்: சங்கு ஒருபுறம் சுழல, படம் மறுபுறம் சுழன்றது.

"கண்ணாடி எல்லாத்தையும் திருப்பிப் போட்டுடுச்சுங்க."

"கடுகாட்டம் இருக்குது. யாரு சார் பார்க்கப் போறாங்க?"

"படத்த நம்பித்தானே சார் படிப்பாங்க? சங்கு எங்கிட்ட மட்டுந்தானே இருக்குது."

வண்டி வந்தது. திண்டிவனம் செல்லவேண்டிய நான் ஏறினேன். அவர் ஏறவில்லை, முதற்படத்தைத் திரும்ப வரையத் தொடங்கியிருந்தார்.

இன்றும் கோயிலில் சங்கைக் கண்டால், அது எப்புறம் சுழல்கிறதென்றே முதலில் பார்க்கிறேன்.