தோளின் பின்புறம்

வலது தோள் இறுகிப்போய்க் கையைத் தூக்க முடியாமல் கருமத்தம்பட்டி வைத்தியரிடம் போனேன். தைலம் கொடுத்து, பத்து நாள் காலையும் மாலையும் தோளின் பின்புறம் இளஞ்சூட்டில் மேலிருந்து கீழாக இன்னொருவர் தேய்த்துவிட வேண்டும் என்றார்.

“ஊட்டுல ஆளு இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க” என்றேன். கணவர் இறந்துபோன மூன்று வருடமாகக் கணபதி பகுதியில் இருக்கும் வீட்டில் நான் மட்டும்தான்.

பத்து நாளும் காலை ஆறரைக்கும் மாலை ஏழுக்கும் தேய்த்ததைக் குறித்த நோட்டுடன் மறுபடியும் போனேன். வைத்தியர் அதைப் படித்துக்கொண்டிருக்க, அவர் மனைவி என் தோளைப் பார்த்தார். தைலத்தின் பழுப்பு முன்பக்கம் மட்டுமே ஏறியிருந்தது.

“ஏனுங்க அம்மணி, தேய்ச்சவிங்க முன்னாடியே நின்னுபோட்டாங்களா?” என்று சிரித்தார்.

“நானேதானுங்க தேய்ச்சேன். பின்னாடி கை எட்டலீங்க.”

அவர் சிரிப்பு நின்றது. தைலத்தைச் சூடாக்கி வந்து, எனக்குப் பின்னால் உட்கார்ந்து தேய்க்கத் தொடங்கினார். மூன்று வருடத்தில் என் முதுகில் பட்ட முதல் கை அது.

கொஞ்ச நேரம் கழித்து, “இந்த எடத்துல வலிக்குதுங்களா?” என்றார்.

அங்கே வலியே இல்லை. இல்லை என்று சொன்னால் கையை எடுத்துவிடுவார்.

“வலிக்குதுங்க” என்றேன்.