பிடியரிசி டின்

இந்த ஊரில் பொழுதுபடுவதை நம்பி எதையும் தொடங்க முடியாது. ஆனி மாதத்தில் இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகும் குசினி யன்னலில் வெயில் நிற்கும். மார்கழியில் மகள் பள்ளிக்கூடத்தால் வருவதற்கு முன்னமே கும்மென்று இருட்டிவிடும். நோர்வேயின் மேற்குக் கரையில், மழை விடாத ஒரு சின்னத் துறைமுக ஊர் இது. வந்து பதினேழு வருடமாகிறது. மழை பழகிவிட்டது. நாலு துண்டுப் பாண் ரொட்டியை மெழுகுத்தாளில் சுற்றி, 'மாட்பாக்கே' என்று பெயர் வைத்து, அதையே மத்தியானச் சாப்பாடாக ஒரு நாடே சாப்பிடுவதும் பழகிவிட்டது. விளக்கு வைக்கிற நேரம் என்று ஒன்று இல்லாமல் போனது மட்டும் இன்னும் பழகவில்லை.

நான் சொறிக்கல்முனைக்காரி. இலங்கையின் கிழக்கில், கல்முனைக் கரையிலிருந்து உள்ளே, வயலுக்கு நடுவில் இருக்கிற வேதக்கார ஊர், கத்தோலிக்கச் சனம். எங்கள் வீட்டில் பின்னேரச் செபத்துக்கு நேரம் சொன்னது கோயில் மணி அல்ல. கோயில் மணி அடிக்கிறவருக்கு அடிக்கடி தலையிடி வரும், அன்றைக்கு மணி பிந்தும், சில நாள் அடிக்கவே அடிக்காது. சம்மாந்துறைப் பக்கமிருந்து வயலைத் தாண்டி வருகிற, பள்ளிவாசலின் மஃரிப் வாங்குதான் அம்மாவுக்கு மணிக்கூடு. வாங்கு கேட்டதும் விளக்கைக் கொளுத்தி, செபமாலையை எடுத்துக்கொண்டு பாயில் இருந்துவிடுவார். அந்த நேரத்தில் எங்களில் ஒருத்தர் குறைந்தாலும் வீடு அமளிப்படும். செபம் முடியாமல் சோறு இல்லை. அந்தக் காலத்தில் எனக்கு அது பெரிய கரைச்சலாக இருந்தது. பசியோடு ஐம்பத்து மூன்று மணியை உருட்டுவது பக்தியா, தண்டனையா என்று அக்காவிடம் கேட்டு முதுகில் வாங்கியிருக்கிறேன்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. சோற்றுக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன், அதிலிருந்து ஒரு பிடி அள்ளி அடுப்படி மூலையிலிருந்த சின்ன மண் முட்டியில் போட வேண்டும். அதுதான் பிடியரிசி. மிஞ்சினதைப் போடுவதல்ல, முதல் பிடியைப் போடுவது. சனிக்கிழமை கோயிற் பெண்கள் சாக்கோடு வந்து வீடு வீடாக வாங்கிப் போவார்கள், இல்லாத வீடுகளுக்குப் போகும். ஒருதரம் முட்டியில் விழுந்த அரிசி திரும்ப எங்கள் பானைக்கு வரக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். வீட்டில் அரிசி முடிந்து, கடைக்குப் போகவும் வழியில்லாத நாளிலும் அந்த முட்டியில் கை வைக்க விடமாட்டார். கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழியில், கரையூர்களிலிருந்து சனம் உடுத்த உடுப்போடு எங்கள் கோயில் வளவுக்கு ஓடி வந்தபோது, எந்த லொறியும் வருவதற்கு முன் முதற்கஞ்சி காய்ச்சியது அந்தச் சாக்கு அரிசியில்தான். அன்றைக்குப் பிறகு நான் அம்மாவோடு அதைப்பற்றி வாதாடவில்லை.

இங்கே வந்து முதல் சோறு ஆக்கின நாளே என் கை தன்பாட்டில் ஒரு பிடியை அள்ளிவிட்டது. போட முட்டி இல்லை. நத்தார்ப் பெருநாளுக்கு வாங்கின பிஸ்கட் டின் ஒன்று வெறுமையாகக் கிடந்தது. அதில் போட்டேன். டின் நிறைந்ததும் ஒரு துணிப்பையில் கொட்டிக் கட்டி, இங்குள்ள கத்தோலிக்கக் கோயிலின் அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு அம்மாள், நல்ல மனுசி, பையைத் திறந்து பார்த்துவிட்டு முகம் மலர்ந்து, "கல்யாணம் யாருக்கு?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்களிடம் கல்யாணம் ஒன்றுமில்லை, இது கடவுளுக்கு என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக விளக்கினார். மணமக்கள் மேல் அரிசி எறிகிற வழக்கத்தைக் கோயில் நிறுத்திவிட்டதாம். மழையில் படியெல்லாம் வழுக்குகிறதாம், போன வருடம் மாப்பிள்ளையின் தகப்பன் விழுந்துவிட்டாராம். எறிவதற்கல்ல, இல்லாதவர்கள் சாப்பிடுவதற்கு என்று எனக்குத் தெரிந்த அரைகுறை நொர்ஸ்க் பாஷையில் சொல்லி முடித்தபோது அவருக்கு இன்னும் கவலை கூடிவிட்டது. உடைக்காத பக்கற், மேலே திகதி அச்சடித்திருக்க வேண்டும், அப்படியானால்தான் எடுப்பார்களாம். என் அரிசிக்குத் திகதி இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு மழையில் வீட்டுக்கு வந்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அந்த அரிசிக்கு வழிகாட்டினது ரிஹானா. சாய்ந்தமருதுக்காரி, என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். நாங்கள் இருவரும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறோம். நான் வயதானவர்களைக் குளிப்பாட்டி உடுத்திவிடுகிற பகுதி, அவள் உடுப்புத் தோய்க்கிற பகுதி. எங்கள் ஊர்த் தமிழில் கதைக்க எனக்கு அந்தக் கட்டடம் முழுக்க அவள் ஒருத்திதான். கோயிலில் நடந்ததைச் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எங்கட உம்மாவும் பள்ளிவாசலுக்கிப் பிடிச்சி வைக்கிறதான். அத ஏன்கா கொண்டு திரியிறீங்க? நோன்புக்கித் தாங்க. நான் கஞ்சி காய்ச்சி, நோன்பு திறக்க வாற ஆக்களுக்குக் குடுக்கன்."

"வேதக்கார வீட்டு அரிசி, பரவாயில்லையா?"

"கடல் வந்த நேரம் நாங்களும் உங்கட பக்கந்தானே ஓடி வந்த. உங்கட உம்மா பிடிச்ச அரிசியிலதான் நான் கஞ்சி குடிச்சனோ என்னமோ, ஆரு கண்டா?"

அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் ரமழானுக்கு முன் என் டின் அவள் வீட்டுக்குப் போகும், வெறுமையாகத் திரும்பி வரும்.

போன வருடம் எனக்கு முழுநேர வேலை கிடைத்தது. எங்களைப்போல் வந்த பெண்களுக்கு இங்கே அது இலேசில் கிடைக்காது. அரைநேரத்தில், இன்னொருத்தர் சுகமில்லாத நாளுக்குக் கூப்பிடுவார்களா என்று தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே வருடங்கள் போகும். கிடைத்ததும் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினேன். ஆனால் அந்த வேலை பெரும்பாலும் 'செயின்வாக்த்', மத்தியானம் போய் இரவு வருகிற வேலை, ஒன்றுவிட்ட ஒரு ஞாயிறும் சேர்த்து. என் கணவர் அன்ரன் பஸ் ஓட்டுகிறார். அவர் விடிய முன் போய், நான் போன பிறகு வருவார். மகள் ஜெனிற்றா நாங்கள் இருவரும் இல்லாத வீட்டுக்குப் பள்ளிக்கூடத்தால் வருவாள். முதல் கொஞ்சக் காலம் சமைத்து வைத்துவிட்டுப் போனேன். பிறகு கால் ஏலவில்லை. உறைந்த பீட்சா, பாண், கடையில் வாங்கின சூப். மூன்று பேரும் மூன்று நேரத்தில் மைக்ரோவேவுக்கு முன் நின்று சாப்பிட்டோம். செபம் எப்போது நின்றது என்று எனக்கே தெரியாது. யாரும் நிறுத்துவோம் என்று சொல்லவில்லை. ஞாயிறு பூசைக்குப் போகிற அன்றும் பிரசங்கத்தில் நித்திரை தூங்கினேன். வீட்டில் சண்டையும் இல்லை. சண்டை பிடிக்கவும் இரண்டு பேர் ஒரு நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டுமே.

ஊரிலிருந்து அக்கா ஒவ்வொரு விடியலும் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புவார். ரோசாப்பூவுக்கு மேல் எழுதியிருக்கும்: முதலில் கடவுள், இரண்டாவது குடும்பம், மூன்றாவது வேலை, இந்த வரிசையில் வாழ்ந்தால் சமாதானம். எனக்குப் பத்திக்கொண்டு வரும். அந்த வரிசையைப் போட்டவருக்கு செயின்வாக்த் இருந்திருக்காது. வேலையை மூன்றாவதாக வைத்துவிட்டு இந்த நாட்டில் எந்த வீட்டில் குடியிருப்பது? அக்காவுக்கு ஒரு கும்பிடு கையை அனுப்பிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுவேன். இங்கிருக்கிற என்னைப்போன்றவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். ஊரிலிருந்து வாசிக்கிறவர்கள் கோபிக்க வேண்டாம்.

இந்த வருடம் தவக்காலமும் நோன்பும் ஒன்றாக வந்தன. அதற்குக் கொஞ்ச நாள் முன், உடுப்பு அறையில் துவாய் மடித்துக்கொண்டிருந்த ரிஹானா, "டின் எங்ககா? நோன்பு கிட்டிட்டு" என்று கேட்டாள். நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து, காலணியைக் கழற்றாமலே அலுமாரியிலிருந்து டின்னை எடுத்தேன். பஞ்சுபோல் இலேசாக வந்தது. திறந்தால், அடித்தகரம் தெரிகிறது. ஒரு மூலையில் கொஞ்ச அரிசி ஒதுங்கிக் கிடந்தது, ஒரு பிள்ளைக்குக்கூடக் கஞ்சி காணாது. யாரும் எடுக்கவில்லை. போடவே இல்லை. அரிசி அளந்தால்தானே முதல் பிடி. இந்த வீட்டில் அரிசி அளந்து எவ்வளவு காலம்? கடவுளுக்கு ஒன்றும் வைக்கவில்லை என்பதைவிட, எங்களுக்கே நாங்கள் ஒன்றும் ஆக்கவில்லை என்பதுதான் என்னைக் குத்தியது. குசினி நிலத்தில் இருந்து அழுதேன். அம்மா செத்த செய்தி வந்த அன்றும் வேலைக்குப் போனவள் நான்.

அன்ரன் சத்தம் கேட்டு எழும்பி வந்தார். டின்னைக் காட்டினேன். அவர் வேதக்கார வீட்டுப் பிள்ளைதான், கல்முனையில் பிறந்தவர், அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"முழுநேரத்த விடப்போறன்" என்றேன்.

"விட்டா மறுகா தரமாட்டாங்க. யோசிச்சிட்டியா?"

"ஓம்."

"பழையபடி சுருக்கித்தான் சீவிக்க வேணும்."

"ஓம்."

அவர் டின்னை மூடி அலுமாரியில் வைத்தார். பிறகு, "எனக்கும் தனியத் திண்டு திண்டு அலுத்துப் போச்சி" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். அந்த மனிசன் அப்படி ஒரு சொல்லை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை.

மேலாளர் ஒரு இளம் பெண், மரியாதையானவள். நான் சொன்னதை நம்பமுடியாமல் கேட்டாள். சுகமில்லையா? இல்லை, சுகம்தான். முதுகு நோகிறதா? எல்லாருக்கும்தான் நோகிறது. பின்னே என்ன காரணம்? "நாங்கள் சேர்ந்து சாப்பிடுவதில்லை, செபம் சொல்வதில்லை" என்றேன். அவள் கண்களில் இரக்கம் வந்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தணித்து, கணவரோடு பிரச்சினை என்றால் கதைப்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஒரு துண்டுப்பிரசுரத்தை என் கையில் வைத்தாள். கணவரோடு பிரச்சினை இல்லை, கணவரைக் காணக் கிடைக்கவில்லை என்பதுதான் பிரச்சினை என்று சொல்ல வாயெடுத்தேன். இன்னும் குழப்பும் என்று விட்டுவிட்டு, தக் என்று நன்றி சொல்லி வந்தேன். வேலை ஒரு கிழமைக்குள் இன்னொருத்திக்குப் போனது. அவள் தாழ்வாரத்தில் துள்ளிக்கொண்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். எனக்கு நெஞ்சு கனத்தது என்பதை மறைக்க மாட்டேன். இப்போதும் சில நாள் கனக்கிறது.

நேரத்தை நாங்களே வைத்துக்கொண்டோம். சூரியனை விட்டாயிற்று. பின்னேரம் ஏழு மணிக்கு மேசைக்கு வருவது, செபமாலையில் பத்து மணி மட்டும் உருட்டுவது, பிறகு சாப்பாடு. ஐம்பத்து மூன்றும் சொல்ல என்னால் ஏலாது, அம்மா மன்னிக்க வேண்டும். முதல் நாள் ஜெனிற்றா தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு முகத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். அன்ரன் 'அருள் நிறைந்த மரியே' பாதியில் தூங்கி விழுந்தார். சமாதானம் என்று கோயிலில் சொல்வது இதுதானா என்று எனக்குத் தெரியாது. கால்வலி அப்படியே இருக்கிறது. ஆனால் மூன்று பேர் மூச்சுவிடுகிற சத்தம் ஒரே மேசையில் கேட்டது.

நோன்பு தொடங்குவதற்கு முதல்நாள் எனக்கு வேலை பிந்திவிட்டது. ஓடி வந்து கதவைத் திறந்தால் குசினியில் ஆவி. ஜெனிற்றா அடுப்படியில் நிற்கிறாள். பக்கத்தில் பிஸ்கட் டின் திறந்திருந்தது. உள்ளே, நான் அந்தச் சில நாட்களில் போட்ட ஊர்ச் சிவப்பரிசிக்கு மேல், வேகாத சிப்பி மக்கரோனி ஒரு பிடி.

"அரிசி முடிஞ்சி போச்சும்மா. அதான் பாஸ்தா செஞ்சன்" என்றாள். பிறகு டின்னைப் பார்த்து, "முதல்ல போட்டுட்டுத்தான் அவிச்சன். இது பிழையா?"

இந்த நாட்டில் பிறந்த பிள்ளை. அவளுக்கு நான் ஒருநாளும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் செய்யும்போது எங்கேயிருந்து பார்த்தாளோ தெரியாது. பிழையில்லை மகள் என்று மட்டும் சொன்னேன். சாப்பிட்ட பிறகு டின்னில் கையை விட்டு மக்கரோனியை வேறாகப் பிரிக்கப் பார்த்தேன். இரண்டு சிப்பிக்குள் அரிசி புகுந்துபோய் இருந்தது. அப்படியே மூடி ரிஹானாவிடம் கொடுத்தேன். அவள் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்து, என்னையும் பார்த்தாள்.

"மகள் பிடிச்சதா?"

"ஓம்."

"அல்ஹம்துலில்லாஹ். கிடக்கட்டும்."

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாங்கள் செபம் முடிக்கிற நேரம் கதவு தட்டினது. ரிஹானாவின் கணவர், மழையில் நனைந்துபோய், மூடின பாத்திரத்தோடு நின்றார். தவக்கால வெள்ளியில் நாங்கள் இறைச்சி தொடமாட்டோம் என்று ரிஹானாவுக்கு ஞாபகமிருந்திருக்கிறது. இறைச்சி போடவில்லை என்று சொல்லச் சொன்னாளாம். மேசையில் வைத்துத் திறந்தேன். இஞ்சி மணக்க, தேங்காய்ப்பாலில் கஞ்சி. மேலே அங்கங்கே, ஊதிப் பெருத்து, சிப்பிகள் மிதந்தன. ஒருதரம் எடுத்து வைத்தது திரும்ப வீட்டுக்கு வரக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். வந்து ஆவி பறக்க நடு மேசையில் இருக்கிறது. ஜெனிற்றா கரண்டியால் ஒரு சிப்பியைத் தேடி எடுத்து ஊதினாள். அன்ரன் என்னைப் பார்த்தார். நான் கோப்பையை நீட்டினேன்.