தொழிலுக்கு மட்டும்

செய்து முடித்த பல்செட்டைப் பெட்டியில் வைப்பதற்கு முன் பல்லுக்காரர் அதைத் தண்ணீரில் முக்கி எடுப்பார். மேல்வரிசையைக் கீழ்வரிசைமேல் பொருத்தி, இரண்டு விரல்களால் பிடித்துத் திறந்து மூடுவார். கூடவே அந்த வாய்க்கு ஏற்ற குரல் ஒன்றும் வரும். பெரிய செட் என்றால் மாமனாரின் அதட்டல்: “யாரைக் கேட்டு ஃபேனை நிறுத்தினே?” சின்ன செட் என்றால் சிணுங்கல். பட்டறையில் மெழுகு ஊற்றும் அம்மாள் சிரித்த பிறகுதான் பெட்டி மூடப்படும். சிரிக்காவிட்டால் கடிமானத்தில் ஏதோ கோளாறு என்று திரும்பவும் அரத்தால் ராவ உட்கார்ந்துவிடுவார்.

பட்டறை எல்லைப் பாலத்துக்கு இந்தப் பக்கம். அக்கா அந்தப் பக்கம். அங்கே வாழ்க்கைப்பட்டுப் போனவள். அத்தான் போய்ச் சேர்ந்த பிறகும் அங்கேயே இருந்துவிட்டாள். அம்மா இல்லாத வீட்டில் தம்பியைக் குளிப்பாட்டித் தலைவாரி வளர்த்தவள் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் பிடித்துப் பாலம் தாண்டிப் போய் அக்கா கையால் சாப்பிட்டு வருவார். வேறு நாட்டுக்குப் போய்வருவதாக அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

தொற்று வந்தது. பாலத்தில் மனிதர்களை நிறுத்தினார்கள், லாரிகளை விட்டார்கள். அந்தப் பக்கத்து மருத்துவர்களுக்குத் தூர தேசத்திலிருந்து வந்துகொண்டிருந்த பல்செட்டுகள் நின்றுபோயின. ஈறு அச்சுகள் லாரியேறிப் பல்லுக்காரரிடம் வந்து குவிந்தன.

“ஊரே வாயைக் கட்டிக்கிட்டுக் கெடக்கு, நமக்கு மட்டும் எப்படிண்ணே இவ்வளவு வேலை?” என்றாள் மெழுகு அம்மாள்.

“கட்டின வாய்க்குள்ளயும் பல்லு விழத்தானேம்மா செய்யுது.”

ஆனால் அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. படியேறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாளாம். குடும்பத்தாரைப் பார்க்க அனுமதி கேட்டு எழுதிய மனுக்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவளைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அவர் மனதில் அது ஒன்றே இருந்தது.

வழி வேறு வாசலில் திறந்தது. அந்தப் பக்கத்துப் பெரிய பல் மருத்துவமனைக்காரர்கள் தங்கள் கிளைகள் எல்லாவற்றின் வேலையையும் அவருக்கே தர முன்வந்தார்கள். நேரில் வந்து பேசி முடிக்க வேண்டும். தொழிலுக்கு வருபவர்களுக்கென்று தனி அனுமதி உண்டு. விடுதி, அலுவலகம், மருத்துவமனைக் கார், அவ்வளவுதான். வேறு எங்கே இறங்கினாலும் அனுமதி ரத்து. பேசிய வேலையும் போகும். பட்டறையில் அதை நம்பிப் பத்துக் குடும்பங்கள் இருந்தன.

மனைவி பையை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: “உங்க அக்காவப் பாத்துட்டு வாங்க. வேண்டாம்னு சொல்லல. ஆனா உங்க கால் தரையில படக்கூடாது.”

பேச்சு நல்லபடியாக முடிந்தது. கைகுலுக்க முடியாததால் எல்லோரும் கும்பிட்டுக்கொண்டார்கள். திரும்பும் வழியில், அக்கா வீட்டுத் தெரு வழியாகப் போக முடியுமா என்று டிரைவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். டிரைவர் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தான்.

“நிறுத்த முடியாது சார். வண்டி எங்க நிக்குதுன்னு ஆபீஸ்ல தெரிஞ்சிடும். உருட்டிக்கிட்டே போறேன், பாத்துக்குங்க.”

அன்று தெருப்பக்கம் வரப் பார்ப்பதாக அக்காவிடம் முன்பே சொல்லியிருந்தார். உடனே அவளைப் போனில் கூப்பிட்டார்.

“மாடியில நிக்கிறேன்டா. வண்டிய விட்டு இறங்கினே, காலை ஒடிச்சிருவேன்.”

“குரல் ஏன்க்கா இப்படி இருக்கு?”

“முகக்கவசம் போட்டுப் பேசினா உனக்கு மட்டும் குயில் மாதிரியா வரும்?”

கார் தெருவுக்குள் திரும்பியது. மாடிக் கைப்பிடிச் சுவரையொட்டி அக்கா நின்றிருந்தாள். நீலச் சேலை, தலையைச் சுற்றித் துண்டு, கண்ணுக்குக் கீழே எல்லாம் முகக்கவசம், காதில் போன். அவர் ஜன்னலை இறக்கி இடுப்பு வரை வெளியே எக்கினார்.

“தெரியுதாக்கா?”

“தெரியுது. ஏன்டா இப்படி இளைச்சுட்டே?”

“நீ மட்டும் என்னவாம்? ஒரு நிமிஷம் அதைக் கழட்டேன், முகத்தப் பாத்துக்கறேன்.”

“எதிர்வீட்டுக்காரன் புகார் குடுத்துருவான். கை ஆட்டுறேன் பாரு.”

மாடியில் கை அசைந்தது. அவர் விரல்கள் கதவுப் பிடிக்குப் போயின. இழுத்தால் போதும், நாலு எட்டில் படி. “சார்...” என்றான் டிரைவர் மெதுவாக. கார் உருண்டுகொண்டே இருந்தது. தெருமுனை வந்து நீல நிறத்தை மறைத்தது. அவர் கையைப் பிடியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த வாரமே அக்கா போய்விட்டாள். அடக்கத்தைப் போன் திரையில் பார்த்தார். படம் அடிக்கடி உறைந்து நின்றது. பட்டறை வளர்ந்து இரண்டு மாடியானது. வாழ்த்த வந்தவர்களிடம், “எங்க அக்காவக் கடைசியா நின்ன கோலத்துல பாத்தேன், அது போதும்” என்பார்.

பாலம் திறந்த பிறகு, வீட்டைக் காலி செய்யப் போனபோது பக்கத்து வீட்டுப் பெண் சாவியோடு வந்தாள். தலை குனிந்தபடி சொன்னாள்: “அன்னைக்கு மாடியில நின்னது நான்தாண்ணே. அதுக்கு முந்தின நாளே அவங்கள ஆஸ்பத்திரியில சேத்தாச்சு. அங்க படுத்துக்கிட்டுதான் உங்ககிட்ட பேசினாங்க. மாடியில ஆள் இல்லன்னா தம்பி இறங்கிருவான், என் சேலையக் கட்டிக்கிட்டு, போனைக் காதுல வெச்சுக்கிட்டு நில்லு, கார் வந்ததும் கை ஆட்டுன்னாங்க.”

அவர் சாவியை வாங்கிக்கொண்டார்.

“கார் போனதும் எனக்குப் போன் பண்ணாங்க. ‘இறங்கலையே?’ன்னு கேட்டாங்க. இல்லம்மான்னேன். ரெண்டு தடவை கேட்டாங்க.”