இரண்டு டிஸ்கில் எது எழுந்தது?

சர்வர் பராமரிப்பில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை: நின்றுபோன மெஷின் நம்மை அவ்வளவாகப் படுத்தாது, ஓடிக்கொண்டே பாதி செத்திருக்கும் மெஷின்தான் படுத்தும். யூனிக்ஸ் சர்வரில் இரண்டு டிஸ்க் வைத்திருப்பார்கள். ஒன்றில் எழுதுவதை அப்படியே மற்றதிலும் எழுதும். ஒன்று போனால் இன்னொன்று தாங்கிக்கொள்ளும். விற்கிறவர் சொல்வது இதுவரைக்கும்தான். போனது எது, மெஷின் இப்போது எதிலிருந்து எழுந்து, அதாவது பூட் ஆகி, ஓடுகிறது என்று பார்க்கப் புதுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறுகிறவன் நான். தப்பான டிஸ்கை உருவிவிட்டால் இருப்பதும் போச்சு.

எந்தப் பக்கம்?

இலுப்பூரில் ஒரு தானிய மண்டி. ஒரு டிஸ்க் போய்விட்டதென்று மேனேஜர் சிதம்பரம் போன் செய்தார். இங்கிருந்தே உள்ளே நுழைந்து பார்த்தேன். 'சைபர்' எண் டிஸ்கிலிருந்து எழுந்திருக்கிறேன் என்று மெஷின் பெயர் சொல்லிவிட்டது. ஆனால் அந்தப் பெயர் டிஸ்கின் மேல் எழுதியிருக்காதே. "பச்சை விளக்கு இடது பக்கம் மினுக்குதா, வலது பக்கமா?" என்று அவரைக் கேட்டேன்.

தூசி படுகிறதென்று மெஷினின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்கள். மனிதர் மேசைமேல் ஏறி, தலைகீழாகக் குனிந்து எட்டிப் பார்த்தார். முதலில் இடது என்றார். அப்புறம் வலது என்றார். இரண்டாவது தடவை குனிந்து எழுந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "நீங்க எங்கிட்டு நின்னு கேக்குறீங்கன்னு மொதல்ல சொல்லுங்க சார், அப்பறம் எடதா வலதான்னு நான் சொல்றேன்."

நான் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினேன்.

சிவப்பு விளக்கு

அரிமளத்தில் ஒரு மருந்து மொத்த வியாபாரி. வருடாந்திரப் பார்வைக்குப் போயிருந்தேன். ஒரு டிஸ்கின் முகப்பில், விளக்கு இருக்கும் இடத்தில், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி. உரித்தால் உள்ளே சிவப்பு நன்றாக எரிந்துகொண்டிருக்கிறது. எத்தனை மாதமாக எரிகிறதோ! இந்த நிலையில் மற்ற டிஸ்கும் போயிருந்தால் கடையில் எந்த மருந்து எங்கே இருக்கிறது என்பதுகூடத் தெரியாமல் போயிருக்கும். அதைத்தான் முதலாளியிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவர் பிளாஸ்திரியை என் கையிலிருந்து வாங்கி, பசை இன்னும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். "இத ஒட்டுன நாள்லேருந்து ஒரு பிரச்சினையும் வரல சார், நீங்க உரிச்சப்பறம்தான் இவ்வளவு பேச்சு."

பன்னிரண்டாம் பெட்

ஆவூர்ப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பதிவேட்டுப் பிரிவில் ஆரோக்கியம் அக்கா, வேலைக்குச் சேர்ந்து பாதி ஆயுள் ஆனவர். ஒரு நாள் காலை கரண்ட் போய் வந்திருக்கிறது. சர்வர் தானாக எழுந்தது. ஆனால் எழுந்தது, மூன்று மாதத்துக்கு முன்பே பழுதாகி ஒதுங்கிக் கிடந்த டிஸ்கிலிருந்து. நல்ல டிஸ்க் பதில் சொல்லத் தாமதமாகியிருக்கிறது, அதற்குள் இது முந்திக்கொண்டது. பழுதானபோதே மெஷின் ஒழுங்காக மெயில் அனுப்பியிருக்கிறது, வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவருக்கு.

திரையில் தேதி சரி. நோயாளிகள் மட்டும் மூன்று மாதத்துக்கு முந்தையவர்கள். அது தெரியாமல் அக்கா புதிதாக வந்தவர்களைப் பதிந்துகொண்டிருந்தார். அப்போது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் மகள், அப்பாவின் சிகிச்சைச் சுருக்கம் வேண்டுமென்று வந்திருக்கிறார். அந்த ஆசிரியர் இந்த மூன்று மாதத்துக்குள் அங்கேயே சிகிச்சை பலிக்காமல் இறந்தவர். அக்கா பெயரைத் தட்டி, வந்ததை அப்படியே வாய்விட்டுப் படித்துவிட்டார்: "பன்னிரண்டாம் பெட், சிகிச்சையில் இருக்கிறார்."

படித்த பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது. எனக்குப் போன் வந்தது. "எதையும் தொடாதீங்க, ஆஃப் பண்ணி ஆன் பண்ணவும் வேண்டாம்" என்று கத்திவிட்டு ஓடினேன். யாராவது அவசரப்பட்டு இரண்டு டிஸ்கையும் சேர்த்துவிட்டால், பழையது புதியதன்மேல் எழுதி மூன்று மாதம் சுத்தமாக அழிந்துபோகும். நான் போனபோது அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். திட்டப்போகிறார் என்று தயாராகத்தான் போனேன். திட்டவில்லை. அக்கா ஏற்கெனவே நாலு தடவை மன்னிப்புக் கேட்டிருக்கிறார், அஞ்சாவது தடவையும் கேட்டார். அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பரவால்லக்கா. அந்த பெட்டு எங்கிட்டு இருக்குன்னு மட்டும் சொல்லுங்க, ஒரு எட்டு பாத்துட்டு வந்துர்றேன்."

என் கை

அதே நாள், அதே ஆஸ்பத்திரி. மெஷினை நிறுத்தி, நல்ல டிஸ்கிலிருந்து எழுப்பினேன். மூன்று மாதமும் அப்படியே இருந்தது. அந்தப் பெண்ணுக்குச் சுருக்கத்தை அச்சடித்துக் கொடுத்தோம். இனி பழுதானதை உருவிப் புதியதைப் போட வேண்டியதுதான் பாக்கி. எந்தக் குழியில் எது என்று தெரிய, நல்ல டிஸ்கை விடாமல் படிக்கச் சொன்னேன். அதன் விளக்கு படபடவென்று மினுக்கும், மினுக்காததை உருவ வேண்டும். அக்காவிடம்கூட அதை விளக்கினேன். விளக்கிக்கொண்டே, மினுக்குவதை உருவினேன்.

ஏன் என்று கேட்காதீர்கள். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று சொல்லலாம். வழக்கமாகப் பழுதானதைத்தான் மினுக்க வைப்போம், கைக்கு அந்தப் பழக்கம் என்றும் சொல்லலாம். திரை உறைந்தது. டிஸ்கைத் திரும்பச் செருகி எழுப்பினேன். ஒவ்வொரு கோப்பாகச் சரிபார்த்துக்கொண்டு அது எழுந்து வர முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரமும் மூன்று மாத நோயாளிகள் என் தலைமேல் உட்கார்ந்திருந்தார்கள். நல்லவேளை, கிட்டத்தட்ட எல்லாம் வந்தது. வராத கொஞ்சத்தையும், காலையில் பழைய டிஸ்கில் பதிந்தவர்களையும், அக்கா, வருகிறவர்களைக் கையாலும் எழுதிவைக்கும் தன் கோடு போட்ட நோட்டைப் பார்த்துத் திரும்ப ஏற்றினார். மெஷின் எழாத நேரத்திலும் அதிலேயே பதிந்துகொண்டிருந்ததால் நோயாளிகள் வரிசை ஒரு நிமிஷம்கூடத் தேங்கவில்லை.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் எழுதுவதை நிறுத்தாமலே சொன்னார்: "ஒங்க மெசினு ரெண்டு எடத்துல எழுதி வச்சிட்டு எதுலன்னு தெரியாம முழிக்குது தம்பி. நான் ஒரே நோட்டுலதான் எழுதுறேன், அத யாரு கையிலயும் குடுக்குறதில்ல."

எதிலிருந்து எழுந்தாய் என்று கேட்டால் மெஷின் ஒரே வரியில் பதில் சொல்லிவிடும், கேட்கிற நாம்தான் அந்தப் பதிலைக் கை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரியாமல் இத்தனை வருஷமாக இதே வேலையில் இருக்கிறோம்.