எசெனுக்குக் கட்டாத மூட்டை

அந்தக் கோடையில் எங்கள் மலையடிவார ஊரான கரகோலில் தெரு முழுக்கச் சிரித்தது தமிராவின் ஷூவைப் பார்த்துத்தான். உச்சந்தலையிலிருந்து கணுக்கால் வரைக்கும் கறுப்பு. கறுப்புத் தலைத்துணி, கறுப்பு மேல்சட்டை, கறுப்புப் பாவாடை. அதற்குக் கீழே ஆரஞ்சு நாடா கட்டிய தடித்த மலை ஷூ! அதைப் போட்டுக்கொண்டே அவள் மாடு கறந்தாள், சாணி அள்ளினாள், ரொட்டி வாங்கப் போனாள். ஒரு சாவு வீட்டுக்கும் போய்விட்டு வந்தாள்.

"ஏண்டி தமிரா, மேல துக்கம், கீழ திருவிழாவா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் நின்று பதில் சொன்னாள்.

"புது ஷூவோட மலை ஏறினா குதிகால் தோல் உரிஞ்சு போயிடும். இப்பவே போட்டுப் பழக்கணும். மாடே ஒண்ணும் சொல்லல, உனக்கென்ன வந்துச்சு?"

அதற்கு முன்னால் வாயாடி என்று அவளுக்குப் பேர் கிடையாது. கம்பளி ஆலையில் நூல் பிரிக்கிற வேலைக்குப் பதினெட்டு வயதில் வந்தவள். நாங்கள் இருந்த பெரிய நாடு துண்டு துண்டாக உடைந்து ஆலை மூடியபிறகு வீட்டிலேயே உட்கார்ந்து கம்பளிச் சாக்ஸ் பின்னி, விடுதி வாசலில் வைத்து விற்றாள். புருஷன் எசென் குதிரைக்காரன். வெளிநாட்டுக்காரர்கள் கணவாய் தாண்டி ஏரிக்குப் போகும்போது அவர்கள் சாமானைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு கூடப் போவான். கோடை முழுக்க அதுதான் அவனுக்குப் பிழைப்பு.

அவன் மூட்டையைக் கட்டுவது தமிரா. அதில் அவளை அடிக்க ஆளில்லை. மழைச் சட்டை எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும்; நாம் தேடி எடுக்கும்வரை மழை காத்திருக்காது. கனமானது முதுகை ஒட்டி. ஈரம் படக்கூடாதது எண்ணெய்த் துணிக்குள். மூட்டையைத் தூக்கித் தோளில் மாட்டிப் பார்த்து, சாய்ந்தால் பிரித்து மறுபடி கட்டுவாள். ஒவ்வொரு கோடையிலும் வாசலில் நின்று ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"நானும் ஒரு தடவை வரேனே?"

"அடுத்த கோடைக்குப் பாக்கலாம். நம்ம ஊர்ப் பொம்பளைங்க காலுக்கு அந்தப் பாதை ஒத்து வராது தமிரா."

இவள் அம்மா வயதிருக்கும் வெள்ளைக்காரக் கிழவிகள் அதே பாதையில் போய், மூக்கு சிவந்து திரும்பி வந்து, இவளிடமே சாக்ஸ் வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு மட்டும் கடவுள் வேறு காலா வைத்திருக்கிறான்? கேட்டால் எசென் சிரிப்பான். நல்ல மனுஷன்தான், கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

முந்தின வருஷம் குளிர்காலத்தில் முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. தமிரா கறுப்பு உடுத்தினாள். எங்கள் வழக்கத்தில் ஒரு வருஷம் கறுப்பு. பிறகு புருஷன் வீட்டார் குதிரை அறுத்து வருஷ விருந்து வைத்து, அந்த வீட்டுப் பெண் ஒருத்தி கறுப்பை எடுத்துவிட்டு வெள்ளைத் தலைத்துணி கட்டிவிட வேண்டும். விதவை தானாகக் கட்டிக்கொள்ளக் கூடாது. அதுவரைக்கும் பயணம் இல்லை, நிறம் இல்லை, பாட்டுச் சத்தம் இல்லை.

வருஷம் முடிந்தது. விருந்து வரவில்லை. எசெனின் அண்ணன் தோலோன் ஊரே வாய் பிளக்கிற மாதிரி விருந்து வைக்க நினைத்தார். இலையுதிர் காலத்தில்தான் குதிரை கொழுக்குமாம். பெரிய மனிதர்களெல்லாம் அப்போதுதான் வருவார்களாம். "அது வரைக்கும் கறுப்புலயே இருக்கட்டும், அவளுக்கென்ன வேலை?" என்று சொல்லிவிட்டார். முன்னாலேயே கறுப்பைக் கழற்றுகிறவளுக்குச் சொந்தபந்தத்தில் இடமில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். சின்ன மிரட்டலா அது? அவளுக்குக் குழந்தை இல்லை. பிறந்த வீட்டில் யாரும் மிச்சமில்லை. கல்யாணம், சாவு, விறகு, வைக்கோல் எல்லாமே அந்தச் சொந்தத்தோடுதான்.

அப்படியும் அவள் சாக்ஸ் விற்ற காசை விடுதியில் கொண்டுபோய் மலைப் பயணத்துக்குக் கட்டினாள். குதிரைக்காரன் பெண்டாட்டியாக இல்லை. காசு கொடுத்த பயணியாக!

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் ஓரகத்தி அனார் வந்தாள், தோலோனின் மனைவி. கட்டிலில் பரப்பியிருந்த துணிகளைப் பார்த்து வாயில் கை வைத்தாள்.

"பேண்ட்டா? நீயா?"

"நான்தான். பாவாடையோட பாறை ஏறச் சொல்றியா அக்கா?"

"புத்தி பிசகிப் போச்சு உனக்கு. ஜன்னலைத் தொறந்தா மலை. அதைப் பார்க்கக் காசு கொடுத்து, ஒரு பொண்ணு வழி காட்ட, வெள்ளைக்காரங்களுக்குப் பின்னாடி நடக்கப் போறேங்கறே."

"ஜன்னல்ல தெரியறது இந்தப் பக்கம். நான் அந்தப் பக்கம் பார்க்கணும்."

"அவரு காதுக்குப் போச்சுன்னா என்ன ஆகும் தெரியுமில்ல?"

"உன் வாய் இருக்கும்போது போகாமலா இருக்கும்!"

"போடி! நான் எதுக்குச் சொல்றேன்?" என்றபடி அனார் அந்தப் பேண்ட்டை எடுத்துத் தன் இடுப்பில் வைத்துக் கண்ணாடியில் ஒரு தரம் பார்த்தாள். பிறகு சுட்டது போலக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டாள். அன்று இரவுச் சாப்பாட்டிலேயே புருஷனிடம் சொல்லியும் விட்டாள். அவள் வாயில் எதுவும் தங்காது.

காலையில் விடுதி முற்றத்தில் லாரி நின்றது. வழிகாட்டிப் பெண் ஜிபெக் எல்லாருடைய மூட்டையையும் பிரிக்கச் சொன்னாள். எசென் குதிரையோடு பல தடவை மலைக்குப் போனவள் அவள், பேச்சில் கறார். ஒரு வெள்ளைக்காரனின் ஜீன்ஸைத் தூக்கி ஓரமாகப் போட்டாள். "பருத்தி நனைஞ்சா காயாது. குளிர்ல செத்துப் போவீங்க." இன்னொருத்தியின் புத்தம் புது ஷூவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். தமிராவின் ஷூவைப் பார்த்ததும் குனிந்தாள், மூக்கைப் பொத்தினாள், சிரித்தாள். "அக்கா, இது போதும். இது பழகின ஷூ."

தமிராவுக்குத் தலை நிமிர்ந்தது. மூட்டையைத் தானே பிரித்து வைத்தாள்.

முதலில் ரொட்டிகள் வந்தன. பிறகு உலர்ந்த தயிர் உருண்டை ஒரு பை, சர்க்கரை, இறைச்சி. குதிரைக் கயிறு. சேணம் தைக்கிற ஊசி. ஆம்பளைக் காலுக்குப் பின்னிய பெரிய சாக்ஸ் மூன்று ஜோடி. அடியிலிருந்து ஜிபெக் கடைசியாக ஒன்றை எடுத்தாள். சவர சோப்பு.

"அக்கா," என்றாள் ஜிபெக் மெதுவாக. "இதுல உங்க சாமான் எங்கே?"

தமிரா பார்த்தாள். சீப்பு இல்லை. மாற்றுத்துணி இல்லை. நேற்று அத்தனை கவனமாக மடித்ததெல்லாம் கட்டிலிலேயே கிடக்கிறது. இத்தனை வருஷப் பழக்கத்தில் கை தன் பாட்டுக்கு அவனுக்கே கட்டிவிட்டிருக்கிறது. அவளுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. அடுத்த மூச்சில் கோபம் பொங்கியது.

"பாத்தியா, இந்த மனுஷன் செத்தும் என் மூட்டையில இடம் பிடிச்சுட்டாரு!"

ஜிபெக்கின் கண் கலங்கியது. "அண்ணன் ஞாபகமா அதை மட்டுமாவது எடுத்துக்குங்கக்கா. மேல ஏரிக்கரையில..."

"ஞாபகமாவா? யாரு சொன்னது? நான் அவரு ஞாபகத்துக்காக வரலம்மா. அவரு மேல இருக்கற கோவத்துல வரேன்." சோப்பை எடுத்து லாரி டிரைவரிடம் நீட்டினாள். "இந்தா தம்பி, மழிச்சுக்கோ. மூஞ்சி முள்ளுக்காடா இருக்கு."

வீடு பக்கத்துத் தெருதான். ஓடிப்போய்த் தன் துணியை எடுத்து வந்து, அத்தனை பேர் முன்னால் உட்கார்ந்து மறுபடி கட்டினாள். இந்தத் தடவை ஒவ்வொன்றையும் கையில் எடுக்கும்போது "இது யாருது? என்னுது" என்று வாய்விட்டே சொன்னாள். வெள்ளைக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, இருந்தாலும் சிரித்தார்கள். தோளில் மாட்டிப் பார்த்தாள். இறகு மாதிரி இருந்தது.

"கோட்டு மட்டும் மாத்தணும்," என்றாள் ஜிபெக். "மேல மூடுபனி இறங்கும். கறுப்புப் பாறைக்கு நடுவுல கறுப்புக் கோட்டோட விழுந்தா உங்களை எங்க தேடுவேன்? இதைப் போடுங்க."

நீட்டியது ரத்தச் சிவப்புக் கோட்டு. தமிராவின் கை அந்தரத்தில் நின்றது. ஷூவுக்கு ஊர் சிரிக்கும், அவ்வளவுதான். சிவப்பைத் தோளில் போட்டுத் தெருவில் நின்றுவிட்டால் திரும்பி வருகிற வழி அடைபடும். தெரிந்தேதான் போட்டுக்கொண்டாள்.

அதே சமயம் தோலோனின் கார் வாசலில் வந்து நின்றது. பின் சீட்டில் அனார், முகம் கொடுக்க முடியாமல். தோலோன் இறங்கி நேராக வந்தார்.

"கழட்டு அதை."

"எதைப் பெரியவரே? சிவப்பையா, கறுப்பையா?"

"விருந்து முடியாம கறுப்பைக் கழட்டினவ எங்க வீட்டுல எவளும் கிடையாது."

"வருஷம் முடிஞ்சு போச்சு. உங்க விருந்துதான் முடியல. குதிரை கொழுக்கற வரைக்கும் நான் மெலிஞ்சுகிட்டே இருக்கணுமா?"

லாரி டிரைவர் களுக்கென்று சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். தோலோனின் கழுத்து சிவந்தது.

"அப்ப விருந்துல உனக்கு இடமில்ல."

"இல்லாட்டி போகட்டும். என்னிக்கு நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்? அடுப்படியிலதான நின்னேன்!"

தோலோன் குரலைத் தாழ்த்தினார். குத்த வேண்டிய இடம் அவருக்குத் தெரியும். "எசென் எத்தனையோ பேரைக் கூட்டிட்டுப் போனான். உன்னை ஒரு தடவைகூடக் கூட்டிட்டுப் போகலையே. ஏன்னு யோசிச்சியா?"

தமிராவின் கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

"யோசிச்சேன். வருஷம் பூரா அதைத்தான் யோசிச்சேன். மேல போனா அவரு வேற ஆளு. பெரிய ஆளு. நான் கூட நின்னா வெறும் என் புருஷனாயிடுவாரு. அது அவருக்குப் பிடிக்கல. சரி, பிடிக்கலன்னா பிடிக்கல. அதுக்காக மலை எனக்கு இல்லைன்னு ஆயிடுமா?"

சொல்லிக்கொண்டே தலையிலிருந்த கறுப்புத் துணியை அவிழ்த்தாள். நரைத்த பின்னல் முதுகில் விழுந்தது. அந்த வயதுப் பெண்ணை வெறும் தலையோடு தெரு பார்த்ததில்லை.

தோலோன் சிரித்தார். "கழட்டிட்டே. சரி. வெள்ளையை யாரு கட்டுவா? எங்க வீட்டுப் பொம்பளை கட்டணும். வராங்களான்னு நின்னு பாரு."

கார்க் கதவு திறந்தது. அனார் இறங்கினாள்.

"உள்ள உக்காரு," என்றார் தோலோன், திரும்பாமலே.

அனார் உட்காரவில்லை. நடந்து வந்துகொண்டே தன் தலையிலிருந்த வெள்ளைத் துணியின் முடிச்சை அவிழ்த்தாள். தமிராவின் முன்னால் வந்து நின்றாள்.

"குனிடி. ஒட்டகம் மாதிரி வளர்ந்து தொலைச்சிருக்கே."

தமிரா குனிந்தாள். அனார் துணியை நெற்றியோடு இழுத்து, காதுக்குப் பின்னால் சுற்றி, இறுக்கி முடிந்தாள். இரண்டு கன்னத்திலும் தட்டினாள். "காத்துல விட்டுடாத. நல்ல துணி."

"அனார்!" தோலோன் கத்தினார். "தெருவுல நிக்கறே! தலையை மூடு!"

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். தலை வெறுமையாக இருந்தது. காலை வெயில் அதில் விழுந்தது.

"எதை வெச்சு மூடறது? என் துணி மலைக்குப் போகுது," என்றாள்.

ஜிபெக் லாரியின் பின்பலகையைத் தட்டினாள். தமிரா மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு யார் கையையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்தாள்.